பலகாரப் பார்சலுக்கு எந்த அளவு அட்டைப்பெட்டி?

கொரியர் கடைத் தம்பி என் பெட்டியைத் தராசில் வைத்தார். 3.2 கிலோ காட்டியது. நான் பணத்தை எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் அவர் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து கால்குலேட்டரில் தட்டிவிட்டு, “அக்கா, வால்யூம் போட்டா 8.6 வருது. ஒன்பது கிலோவுக்குத்தான் பில் போட முடியும்” என்றார்.

பெட்டிக்குள் இருந்தது கைமுறுக்கு ஒரு கிலோ, தேன்குழல் ஒரு கிலோ, அதிரசம் அரைக் கிலோ. புணேயில் இருக்கும் மகளுக்காக ஓர் அம்மா தீபாவளிக்குச் சொல்லியிருந்தார். நான்கு கிலோ என்று கணக்குப் போட்டு அனுப்பும் கூலியையும் சேர்த்து வாங்கியிருந்தேன். ஒன்பது கிலோவுக்குக் கட்டினால் அடுப்படியில் இரண்டு நாள் நின்றதற்கு ஒன்றும் மிஞ்சாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவே எல்லாவற்றையும் பிரித்துச் சின்னப் பெட்டியில் மறுபடி அடுக்கினேன். மறுநாள் அதே கடை, அதே தம்பி, அதே பலகாரம். நான்கு கிலோவுக்குப் பில் வந்தது.

இது நான் தொழில் தொடங்கிய முதல் வருடம் நடந்தது. காரைக்குடியில் பதினாறு வருடமாகப் பலகாரம் சுட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறேன். பலகாரம் பழகியது ஓர் ஆச்சி வீட்டு அடுப்படியில். பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர அப்போது யாரும் இல்லை. இப்போது புதிதாக வீட்டிலிருந்தே தொக்கு, பொடி, வத்தல் என்று அனுப்பத் தொடங்கும் பெண்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது, “எந்த சைஸ் பெட்டி வாங்கணும்?” என்பதுதான். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

அந்த 8.6 எப்படி வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியிலும் விமானத்திலும் எடைக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் விலை உண்டு. அதனால் கொரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஓர் எண்ணால் வகுப்பார்கள். வெளிநாட்டு எக்ஸ்பிரஸ் கொரியர்களில் பெரும்பாலும் 5000. என் புணேப் பார்சலுக்கும் அதே எண்தான். அதில் வரும் எடை ஒன்று, தராசு காட்டும் எடை ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். என் பெட்டி வெளி அளவில் 42, 32, 32. பெருக்கினால் 43,008. அதை 5000ஆல் வகுத்தால் 8.6. அரைக் கிலோ படியாக மேலே ஏற்றினால் 9.

மறுநாள் கொண்டுபோன பெட்டி 32, 27, 23. பெருக்கினால் 19,872. வகுத்தால் 3.97. முந்தின நாள் ஐந்து கிலோ காற்றை புணேக்கு அனுப்ப இருந்திருக்கிறேன்.

வகுக்கும் எண் எல்லா இடத்திலும் 5000 இல்லை. சாலை வழியாகப் போகும் பார்சலுக்குச் சில கம்பெனிகள் 4500 அல்லது 4000 வைத்திருப்பார்கள். வகுக்கும் எண் சிறியதானால் கணக்கில் எடை ஏறும். மேலே சொன்ன சின்னப் பெட்டியையே 4000ஆல் வகுத்தால் ஐந்து கிலோ ஆகிவிடும். ஆகவே புதிய கொரியருக்குப் போனால் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், “வால்யூமுக்கு எத்தனையால் வகுப்பீங்க?” என்று கேளுங்கள். கிலோ விலை குறைவாகச் சொல்லும் இடத்தில் இந்த எண்ணும் குறைவாக இருந்தால் முடிவில் கூடுதலாகக் கட்டிவிட்டு வருவோம்.

பணத்தோடு போவதில்லை இது. பெரிய பெட்டியில் பலகாரம் உடையும். இதை நான் கோயம்புத்தூர்ப் பார்சல் ஒன்றில் கற்றுக்கொண்டேன். இடம் நிறைய இருந்ததால் செய்தித்தாளைக் கசக்கிக் கசக்கித் திணித்து அனுப்பினேன். கசக்கிய தாள் வண்டி குலுங்கக் குலுங்க அமுங்கும். அமுங்கினால் மேலே வெற்றிடம் வரும். அங்கே டப்பாக்கள் எழும்பி எழும்பி விழும். திறந்து பார்த்தவர் படம் அனுப்பினார்: அச்சுமுறுக்கு ரவை மாதிரிக் கிடந்தது. பெட்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. உள்ளே வெற்றாக இருக்கும் பெட்டியின் மேல் வேறு பெட்டி ஏறினால் மேல்மூடி குழிந்து போகும். நிறைந்த பெட்டிக்கு உள்ளிருக்கும் பொருளே முட்டுக்கொடுக்கும்.

சரி, அளவு எடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

பெட்டியை வாங்கி வைத்துவிட்டு அதற்குள் எதைப் போடலாம் என்று யோசிக்காதீர்கள். பொருளை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் பெட்டி. கவரில் போட்டு ஒட்டியது, டப்பாவில் அடைத்தது, பபுள் ஷீட் சுற்றியது என்று எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பபுள் சுற்றாத பாட்டிலை அளந்து பெட்டி வாங்கினால் அது உள்ளே போகாது.

கட்டி முடித்ததைத் தரையில் ஒரு மூலையில் அடுக்குங்கள். சுவர் மூலை இரண்டு பக்கத்துக்கு ஆகிவிடும். மற்ற இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பலகையோ தடிமனான புத்தகங்களோ நிறுத்திக்கொள்ளுங்கள். கனமானது அடியில், லேசானது மேலே. இரண்டு மூன்று விதமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். முதலில் அடுக்குவது எப்போதும் இடத்தை அடைத்துக்கொள்ளும். டப்பாவைத் திருப்பி வைத்தால் நான்கு விரற்கடை மிச்சமாகும், உருளை டப்பாக்களின் இடுக்கில் பொடிப் பாக்கெட் உட்காரும். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு பெட்டிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டால் அதே ஆர்டர் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.

அடுக்கி முடித்ததும் மூன்று பக்கமும் அளந்து, அதோடு பொருளைச் சுற்றி அடி தாங்க வைக்கும் மெத்தைக்கு வேண்டிய இடத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு என்பது பொருளைப் பொறுத்தது. பொடி, வத்தல், அப்பளக் கட்டு, துணி இவற்றுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தாராளம். டப்பாவில் அடைத்த முறுக்குக்கு ஒரு அங்குலம். கண்ணாடிப் பாட்டிலுக்கு ஆறு பக்கமும் இரண்டு அங்குலம், இதில் நான் கஞ்சம் பிடிப்பதே இல்லை. பெட்டி மூலை தரையில் மோதும்போது அந்த இரண்டு அங்குலம்தான் அடியை வாங்கிக்கொள்ளும். இதை எதிரெதிர்ப் புறம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பத்து அங்குல அடுக்குக்கு இரண்டு அங்குல மெத்தை வேண்டுமென்றால் உள் அளவு பதினான்கு.

உள் அளவு என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அட்டைப்பெட்டிக் கடையில் 12க்கு 10க்கு 8 என்று சொன்னால் அது பெரும்பாலும் உள் அளவு, அங்குலத்தில். கொரியரில் அளப்பதோ வெளி அளவு, சென்டிமீட்டரில். ஐந்து பிளை அட்டை, அதாவது ஐந்து தாள் அடுக்கு உள்ள அட்டை, கிட்டத்தட்ட ஏழு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நீளத்திலும் அகலத்திலும் அது இரு புறமும் சேர்ந்து ஒன்றரை சென்டிமீட்டர் ஆகும். உயரத்தில் இன்னும் கூடும், ஏனென்றால் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு. 12க்கு 10க்கு 8 என்பதை 30, 25, 20 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் சரியாக மூன்று கிலோ வரும். நான் ஒட்டி முடித்து வெளியே அளந்தபோது வந்தது 32, 27, 23. அதுதான் முன்னே சொன்ன நான்கு கிலோ. அட்டையின் தடிமனும், அங்குலத்தை மாற்றும்போது விட்ட சில்லறையும் சேர்ந்து ஒரு கிலோவைத் தின்றுவிட்டன. கடையில் வாங்கும்போது உள் அளவா வெளி அளவா என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடம் கூலி சொல்வதற்கு முன்னால் ஒட்டிய பெட்டியின் வெளியே அளந்து கணக்குப் போடுங்கள்.

பெட்டியின் வயிறு உப்பியிருந்தாலும் அளவு கூடும், உப்பிய இடத்தில் வைத்துத்தான் அளப்பார்கள். மூடியை அமுக்கி ஒட்ட வேண்டியிருந்தால் பெட்டி ஒரு அளவு சின்னது என்று அர்த்தம். தேன்குழலை அமுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பிளை. அட்டையை வெட்டுவாயில் பாருங்கள். இரண்டு தட்டைத் தாளுக்கு நடுவே ஒரு நெளித்தாள் இருந்தால் மூன்று பிளை. மூன்று தட்டைத் தாள், இரண்டு நெளித்தாள் இருந்தால் ஐந்து பிளை. ஏழு பிளை இயந்திர உதிரிப் பாகங்கள் அனுப்புகிறவர்களுக்கு, நமக்கு வேண்டாம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: நான்கு கிலோவுக்குள், உடையாத பொருள், பக்கத்து மாவட்டம் என்றால் மூன்று பிளை. அதற்கு மேல் எடையோ, கண்ணாடியோ, வேறு மாநிலமோ என்றால் ஐந்து பிளை. பிளை எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. தாள் மட்டமாக இருந்தால் ஐந்து பிளையும் நொசநொசவென்று இருக்கும். கட்டைவிரலால் அட்டையின் நடுவில் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் அந்தச் சரக்கு வேண்டாம். மீண்டு வந்தால் வாங்கலாம்.

சிவகாசியில் ஒரு பெட்டிப் பட்டறைக்கு ஒரு முறை போயிருந்தேன். அங்கே வேலை செய்த அண்ணன் ஒரு துண்டு அட்டையை என் கையில் கொடுத்து, நெளி மேலும் கீழுமாக நிற்கும்படி பிடித்து மேலிருந்து அமுக்கச் சொன்னார். அமுங்கவே இல்லை. அதையே படுக்கையாகத் திருப்பி அமுக்கச் சொன்னார். உடனே மடங்கியது. “தூண் மாதிரிதாம்மா. நின்னாத்தான் தாங்கும், படுத்தாத் தாங்காது” என்றார். பெட்டியின் சுமை தாங்கும் பலம் அந்த நிற்கும் நெளியில்தான் இருக்கிறது, அதிலும் நான்கு மூலைகளில். அதனால்தான் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அடுக்குவது தவறு. மூலை நசுங்கிய பெட்டி பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

அதே அண்ணனிடம் என் நீண்ட நாள் சந்தேகம் ஒன்றையும் கேட்டேன். ஒரு தடவை 18க்கு 9 அளவுள்ள நீளப் பெட்டியில் தொக்குப் பாட்டில் வைத்து அனுப்பியபோது அடிப்பாகம் நடுவில் பிரிந்துவிட்டது. டேப் நல்ல டேப், அட்டையும் நல்ல அட்டை. பிறகு ஏன்? அவர் ஒரு பெட்டியைப் பிரித்து விரித்தார். சாதாரணப் பெட்டியில் நான்கு மடல்களும் ஒரே நீளம், பெட்டி அகலத்தில் பாதி. வெளிப் பக்க மடல்கள் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். உள்ளே மடங்கும் சின்னப் பக்க மடல்கள் முட்டாது. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி நடுவில் இருக்கும். என் பெட்டியில் ஒன்பது அங்குலம். ஆக, கனமான பாட்டில்கள் இரட்டை அட்டைமேல் உட்காராமல், ஒற்றை அட்டையும் டேப்பும் சேர்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். ஒன்று, நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாத பெட்டியாகத் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு, தவிர்க்க முடியாமல் நீளப் பெட்டி எடுத்தால் உள் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி அடியில் விரித்துவிடுகிறேன். பழைய பெட்டியின் பக்கமே இதற்குப் போதும்.

இனி என் வேலையிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். முறுக்கு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. தொக்கு எடை இருக்கும், இடம் அடைக்காது. ஒரே வீட்டுக்கு இரண்டும் போகிறது என்றால் தனித்தனிப் பெட்டியாகப் போடாதீர்கள். போன ஆடியில் வந்த ஓர் ஆர்டரை வைத்தே சொல்கிறேன். அச்சுமுறுக்கு மட்டும் வைத்த பெட்டி தராசில் 1.9 கிலோ, வால்யூமில் நான்கு. நான்குக்குக் கட்ட வேண்டும். அரைக் கிலோ தொக்குப் பாட்டில் ஆறு வைத்த பெட்டி தராசில் 5.2, வால்யூமில் அதில் பாதிதான். அதற்கு ஐந்தரைக்குக் கட்ட வேண்டும். மொத்தம் ஒன்பதரை. இரண்டையும் 38, 32, 29 வெளி அளவுள்ள ஒரே பெட்டியில் வைத்தேன். தராசில் 6.9, வால்யூமில் 7.05. ஏழரைக்குக் கட்டினேன். இரண்டு கிலோ மிச்சம், வாடிக்கையாளருக்கும் ஒரே பார்சலாகப் போனது. தராசு எடையும் வால்யூம் எடையும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதென்றால் அதுதான் அந்தப் பொருளுக்குப் பொருத்தமான பெட்டி. நோட்டில் இரண்டு எடையையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள், அடுத்த முறை என்ன அளவு எடுக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஒரே பெட்டியில் வைக்கும்போது பாட்டில்கள் அடியில், பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் குறுக்கட்டை, அதன்மேல் ஒரு முழு அட்டை, அதற்கு மேல்தான் முறுக்கு. அந்த நடு அட்டை பெட்டியின் நான்கு சுவரையும் தொடும்படி இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் சரிந்து பாட்டில் மூடி முறுக்கைக் குத்தும்.

பெட்டி பெரிதாகப் பெரிதாக எடையும் ஏறும். ஸ்பீட் போஸ்ட்டில் 35 கிலோ வரை எடுத்துக்கொள்வார்கள் என்பதற்காக ஒரே பெட்டியில் திணிக்க வேண்டாம். என் வரம்பு பன்னிரண்டு கிலோ. ஓர் ஆள் இடுப்பு வலிக்காமல் தூக்கி மெதுவாக இறக்கும் எடை அது. அதற்கு மேல் போனால் இறக்குகிறவர் கை சோர்ந்து கடைசி ஓர் அடியில் விட்டுவிடுவார்.

அளவுக்குப் பெட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது? நூறு, இருநூறு என்று எடுத்தால்தான் பட்டறையில் நம் அளவுக்குச் செய்து தருவார்கள். மாதம் பத்துப் பார்சல் அனுப்புகிறவருக்கு அது கட்டாது. அவர்கள் உயரத்தை வெட்டக் கற்றுக்கொண்டால் போதும். நீளமும் அகலமும் சரியாக இருக்கும் பெட்டியாக எடுங்கள், உயரம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.

பொருளை உள்ளே அடுக்கி, மேலே மெத்தையும் வைத்து, அது முடியும் இடத்தில் நான்கு மூலையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பொருளை வெளியே எடுத்துவிடுங்கள். வெட்டுக்கத்தியால் நான்கு மூலைகளையும் மேலிருந்து அந்தக் கோடு வரைக்கும் கீறுங்கள், கோட்டைத் தாண்ட வேண்டாம். இப்போது நான்கு பக்கமும் வெளியே மலரும். ஒரு பக்கத்தை எடுத்து, கோட்டுக்குக் கோடு இரும்பு ஸ்கேலை உட்புறமாக வைத்து, கரண்டிக் காம்பால் ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுங்கள். மூன்று தடவை இழுத்தால் நெளி அமுங்கி ஒரு பள்ளம் விழும். கத்தியால் கீறக்கூடாது, தாள் அறுந்தால் மடிப்பு கையோடு வந்துவிடும். அமுங்கினால் போதும். பள்ளம் விழுந்ததும் உள்பக்கமாக மடியுங்கள், பெட்டிக்காரர் மடித்த மாதிரி நேராக மடியும். நான்கு பக்கமும் இப்படி மடித்தால் மேல் மடல்கள் முன்பைவிட நீளமாகி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மேல்மூடிக்கு அது கூடுதல் பலம். ரொம்ப நீளமாகி எதிர்ச் சுவரில் முட்டினால் மட்டும் வெட்டிவிடுங்கள்.

என் 12க்கு 10க்கு 8 பெட்டியில் அதிரசம் இல்லாத ஆர்டர் வந்தால் மேலே மூன்று சென்டிமீட்டர் காலியாக இருக்கும். அதை வெட்டி இறக்கினால் வெளி அளவு 32, 27, 20. கணக்குப் போட்டால் மூன்றரை கிலோவுக்குள் வந்துவிடும். மூன்று சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ. கையில் பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை.

மளிகைக் கடைப் பழைய பெட்டியில் அனுப்பலாமா என்று கேட்பார்கள். பிஸ்கட், சோப்பு வந்த பெட்டி நல்லதாக இருந்தால் பக்கத்து ஊருக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு பயணம் போய்வந்த அட்டை தன் பலத்தில் கொஞ்சத்தை வழியிலேயே இழந்திருக்கும், அதனால் கண்ணாடிக்கு வேண்டவே வேண்டாம். சோப்புப் பெட்டியில் பலகாரம் வைத்தால் வாசனை ஏறும், எத்தனை கவர் போட்டாலும் ஏறும். பழைய முகவரி, பார்கோடு எல்லாவற்றையும் கிழித்தெடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பார்சல் பழைய வழியிலேயே போய்விடும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் தீபாவளி வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அட்டை ஈரக்காற்றை உறிஞ்சும், உறிஞ்சினால் தொய்யும். புரட்டாசியில் வாங்கிய பெட்டியைத் தரையில் சாத்தி வைத்து ஐப்பசியில் எடுத்தால் கையிலேயே தெரியும். மரப்பலகை மேல் வைத்து பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் மூன்று பிளையில் அனுப்புவதை எல்லாம் நான் ஐந்து பிளைக்கு மாற்றிவிடுவேன். பெட்டிக்குள் முதலில் ஒரு பெரிய பாலித்தீன் பையை விரித்து அதற்குள் அடுக்குவேன். வெளியே அட்டை நனைந்தாலும் உள்ளே முறுக்கு நமுக்காது.

ஒட்டுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அங்குல பிரவுன் டேப், நடுக்கோட்டில் நீளமாக ஒன்று, அது இரு பக்கமும் மூன்று அங்குலம் இறங்க வேண்டும். பிறகு இரண்டு ஓரங்களிலும் குறுக்காக ஒவ்வொன்று. அடியில் நடுக்கோட்டுக்கு இரண்டு சுற்று. ஒட்டும் முன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து அந்த இடத்தை நிரப்புங்கள். நிரப்ப முடியாத அளவு இடம் இருந்தால் பெட்டியை மாற்றுங்கள்.

கைமுறுக்கு வைக்கும் விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டி அளவே அதிலிருந்துதான் பிறக்கிறது. பத்து முறுக்கைக் காசு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பட்டர் பேப்பரில் இறுக்காமல் உருட்டி, கவரில் போட்டு ஓரத்தை ஒட்டுவேன். கவரில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், அது முறுக்குக்குத் தலையணை. டப்பாவில் அந்த உருளையைப் படுக்கவைப்பேன், அப்போது உள்ளே முறுக்குகள் விளிம்பில் நிற்கும். சாப்பாட்டுத் தட்டுகளை நிறுத்தி வைத்தால் தாங்கும், படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு முழுச் சுமையையும் வாங்கும் அல்லவா, அதே மாதிரிதான். இப்படி வைத்த பிறகு நான்கு உருளை கொள்ளும் டப்பா என்ன அளவோ, அதை வைத்துத்தான் என் பெட்டி அளவுகளையே முடிவு செய்தேன். இரண்டு டப்பாவுக்கு ஒரு பெட்டி, நான்குக்கு ஒன்று, தொக்கும் சேர்ந்தால் ஒன்று. மூன்றே அளவுதான் வைத்திருக்கிறேன். எட்டு அளவு வாங்கி வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் சரியான அளவு மட்டும் தீர்ந்திருக்கும். மூன்று அளவும், ஒரு கத்தியும், ஸ்கேலும், கரண்டிக் காம்பும் இருந்தால் இடைப்பட்ட எல்லா அளவும் கைக்கு வந்துவிடும்.

வாங்கி வந்ததும் ஒவ்வொரு பெட்டியின் மடலிலும் மார்க்கரால் உள் அளவு, வெளி அளவு, வால்யூம் எடை மூன்றையும் எழுதி அடுக்குவேன். பலகாரம் கட்ட வரும் பெண்கள் கணக்குப் போடத் தேவையில்லை. தராசில் பொருளை வைத்துப் பார்ப்பார்கள், மடலில் எழுதியிருக்கும் எடையைப் பார்ப்பார்கள், இரண்டும் எதில் நெருங்கி வருகிறதோ அந்தப் பெட்டியை உருவிக்கொள்வார்கள்.